முட்டை முன்கூட்டியே வெடிக்காமல் தடுக்கும் ஊசி: முதல் முறை போடுபவர்களுக்கு

ஐ.வி.எஃப். சிகிச்சையில் (உடலுக்கு வெளியே கருத்தரிக்கவைக்கும் முறை) முட்டையை வளர்க்கும் ஊசியை நான்கைந்து நாள் போட்டு, கை நடுக்கம் கொஞ்சம் குறைந்துவரும் நேரத்தில் இரண்டாவதாக ஒரு ஊசியையும் சேர்த்துப் போடச் சொல்வார்கள். மருந்துச் சீட்டில் செட்ரோரெலிக்ஸ் என்றோ கேனிரெலிக்ஸ் என்றோ இருக்கும். அளவு 0.25 மில்லிகிராம்தான். வலியும் பெரிதாக இருக்காது. ஆனால் நேரம் தவறினால் அதுவரை போட்ட ஊசிகள் எல்லாவற்றையும் வீணாக்கிவிடக்கூடிய ஊசி இது. எப்படிக் கலப்பது, எங்கே குத்துவது என்பதெல்லாம் இரண்டே நாளில் பழகிவிடும். கவனம் முழுக்க ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்பதில் இருக்க வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது பொதுவான முறை. உங்கள் மருத்துவர் எழுதித் தந்த அட்டவணை இதிலிருந்து மாறுபட்டால் அட்டவணையைத்தான் பின்பற்ற வேண்டும். ஏன் மாறுகிறது என்று கேட்பதற்கு இது உதவும்.

இந்த ஊசி உடலில் என்ன செய்கிறது

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து ஜி.என்.ஆர்.ஹெச். என்ற ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்ற இரண்டையும் இரத்தத்தில் விடுகிறது. எஃப்.எஸ்.ஹெச். முட்டையை வளர்க்கும். வளர்ந்த முட்டையை முதிரவைத்து, அது இருக்கும் நீர்ப்பையான ஃபாலிக்கிளை வெடிக்கவைப்பது திடீரென்று பொங்கி எழும் எல்.ஹெச்.

இயல்பான மாதத்தில் ஒரு ஃபாலிக்கிள் வளர்ந்து, அது விடும் ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவுக்கு ஏறியதும் எல்.ஹெச். பொங்கும். சிகிச்சையில் பத்துப் பன்னிரண்டு ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளர்கின்றன. எல்லாம் சேர்ந்து விடும் ஈஸ்ட்ரோஜன் மிக அதிகம். முட்டைகள் தயாராவதற்கு முன்பே உடல் 'நேரம் வந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு எல்.ஹெச்.ஐ விட்டுவிடலாம். அப்படி நடந்தால் முட்டைகள் வெடித்து வயிற்றுக்குள் போய்விடும். எடுக்கப் போகும்போது பைகளில் ஒன்றும் இருக்காது.

செட்ரோரெலிக்ஸும் கேனிரெலிக்ஸும் பிட்யூட்டரியில் ஜி.என்.ஆர்.ஹெச். போய் உட்கார வேண்டிய இடத்தில் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்கின்றன. பூட்டுக்குள் திரும்பாத சாவியைச் செருகி வைத்தது போல. சில மணி நேரத்திலேயே எல்.ஹெச். இறங்கிவிடும். ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளில் பிட்யூட்டரி பழையபடி வேலை செய்யத் தொடங்கும். இந்த வேகம்தான் இதன் வசதி, இதுவே இதன் ஆபத்தும். சீக்கிரம் பிடிக்கிறது, சீக்கிரம் விட்டும் விடுகிறது. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதில் மருத்துவமனைகள் அவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு வகையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

லூப்ரோலைடு, ட்ரிப்டோரெலின், பியூசெரெலின் ஆகியவையும் இதே பாதையில் வேலை செய்யும் ஊசிகள்தான். ஆனால் வேலை செய்யும் விதம் தலைகீழ். இவை முதல் சில நாள் பிட்யூட்டரியை நன்றாகத் தூண்டிவிடும். தொடர்ந்து போட்டுக்கொண்டே இருந்தால்தான் சுரப்பி சோர்ந்து அடங்கும். அதனால் 'லாங் புரோட்டோகால்' என்ற முறையில் முந்தைய மாதவிலக்குச் சுழற்சியின் 21ஆம் நாள் வாக்கிலேயே தொடங்குவார்கள். அடங்குவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் உடல் சூடாவது, இரவில் வியர்ப்பது, தலைவலி, எரிச்சல் எல்லாம் வரும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். செட்ரோரெலிக்ஸ் போடும் சுழற்சியில் கடைசியில் முட்டையை முதிரவைக்கும் ட்ரிகர் ஊசியாகப் பல சமயம் ட்ரிப்டோரெலினையோ லூப்ரோலைடையோ கொடுப்பார்கள். அந்த முதல் தூண்டுதல்தான் அப்போது தேவை. ஆக, குளிர்பெட்டியில் 'தடுக்கும்' ஊசியும் 'வெடிக்கவைக்கும்' ஊசியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெயர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி 'ரெலிக்ஸ்', 'ரெலின்' என்று முடியும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுவிட்டால் அந்தச் சுழற்சியே கலைந்துவிடும். வாங்கி வந்த அன்றே ட்ரிகர் ஊசியைத் தனிப் பையில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் 'சொல்லும் வரை தொடாதே' என்று எழுதி வையுங்கள். அதிகப்படியான எச்சரிக்கையாகத் தெரியலாம். ஒரே நாளில் மூன்று ஊசி போடும் வாரத்தில் அப்படித் தெரியாது.

லூப்ரோலைடு போடச் சொன்னவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. பல நாள் பயன்படுத்தும் குப்பியில் வழக்கமான செறிவு 1 மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம். அதில் 1 மில்லிகிராம் என்றால் 0.2 மில்லிலிட்டர், 100 அலகு இன்சுலின் சிரிஞ்சில் 20ஆம் கோடு. ஸ்டிமுலேஷன், அதாவது முட்டை வளர்க்கும் ஊசி, தொடங்கும்போது பாதியாகக் குறைக்கச் சொன்னால் 10ஆம் கோடு. குப்பியில் செறிவு வேறாக இருந்தால் இந்தக் கணக்கும் மாறும். மருந்துக்கடையில் வேறு தயாரிப்பைக் கொடுத்தால் கோட்டை மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். இனி இந்தக் கட்டுரை முழுக்க செட்ரோரெலிக்ஸ், கேனிரெலிக்ஸ் பற்றித்தான்.

எந்த நாளில் தொடங்குவது

பொதுவாக ஸ்டிமுலேஷனின் 5ஆம் நாள் அல்லது 6ஆம் நாள். புதியவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். 5ஆம் நாள் என்பது மாதவிலக்கின் 5ஆம் நாள் அல்ல, முட்டை வளர்க்கும் ஊசியைத் தொடங்கிய நாளை 1 என்று வைத்து எண்ணுவது. மாதவிலக்கின் 2ஆம் நாளில் ஊசி தொடங்கியிருந்தால், ஸ்டிமுலேஷனின் 6ஆம் நாள் மாதவிலக்கின் 7ஆம் நாளில் வரும். வெள்ளிக்கிழமை தொடங்கியிருந்தால் 5ஆம் நாள் செவ்வாய், 6ஆம் நாள் புதன். அட்டவணையில் வெறும் 'நாள் 6' என்று மட்டும் இருந்தால் கிழமையும் தேதியும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சில மருத்துவர்கள் நாள் கணக்கு பார்க்காமல் ஸ்கேன் பார்த்துத் தொடங்குவார்கள். பெரிய ஃபாலிக்கிள் 13, 14 மில்லிமீட்டரை எட்டியதும், அல்லது இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவு ஏறியதும் 'இன்றிலிருந்து போடுங்கள்' என்பார்கள். அந்த முறையில் சொல்லும் நாளிலேயே ஊசி வேண்டும். அதனால் மருந்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். மாலை ஆறு மணிக்குச் சொல்லி, எட்டு மணிக்குக் கடை கடையாகத் தேடும் நிலைமை வேண்டாம்.

இந்த ஊசி தொடங்கியதும் முட்டை வளர்க்கும் ஊசியை நிறுத்திவிடக் கூடாது. நிறையப் பேர் 'மருந்து மாறிவிட்டது' என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். மாறவில்லை, கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. இரண்டும் ட்ரிகர் நாள் வரை சேர்ந்தே போகும். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலப்பதும் கூடாது. தனித்தனி சிரிஞ்சு, தனித்தனி இடம்.

காலையா, மாலையா: கடைசி ஊசிக் கணக்கு

ஒரு நேரத்தைத் தேர்ந்துகொண்டால் கடைசி வரை அதே நேரம். அரை மணி, ஒரு மணி முன்பின் ஆனால் பதற வேண்டாம். கேனிரெலிக்ஸ் பெட்டியோடு வரும் குறிப்பேட்டில் உள்ள வெளி எல்லை 30 மணி நேரம். இரண்டு ஊசிகளுக்கு இடையிலும், கடைசி ஊசிக்கும் ட்ரிகருக்கும் இடையிலும் அதற்கு மேல் போகக் கூடாது. போனால் முட்டை முன்கூட்டியே வெடிக்க வாய்ப்பு. செட்ரோரெலிக்ஸுக்கும் இதையே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ட்ரிகர் நாளில் இந்த ஊசி உண்டா இல்லையா என்ற குழப்பம் இந்தக் கணக்கைப் போட்டால் தீர்ந்துவிடும். ட்ரிகர் பெரும்பாலும் இரவு நேரத்தில்தான் இருக்கும். செவ்வாய் இரவு 10 மணிக்கு ட்ரிகர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தினமும் காலை 8 மணிக்குப் போடுபவர். திங்கள் காலையோடு நிறுத்திவிட்டால் திங்கள் 8 மணியிலிருந்து செவ்வாய் இரவு 10 வரை 38 மணி நேரம், எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதனால் காலையில் போடுபவர்கள் ட்ரிகர் நாள் காலையிலும் போட வேண்டும். இரவு 8 மணிக்குப் போடுபவருக்கோ திங்கள் இரவு 8 முதல் செவ்வாய் இரவு 10 வரை 26 மணி நேரம்தான். அவருக்குத் திங்கள் ஊசியே கடைசி.

மதியத்தில் போடுபவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். மதியம் 2 மணிக்குப் போட்டு, மறுநாள் இரவு 10க்கு ட்ரிகர் என்றால் 32 மணி நேரம். அவர்கள் ட்ரிகர் நேரம் தெரிந்தவுடன் 'இன்று ஒன்று போடவா' என்று கட்டாயம் கேட்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் மதியத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மருந்தை எப்படி வைப்பது

செட்ரோரெலிக்ஸ் தூளாக வரும் பெட்டியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள், அட்டைப் பெட்டியோடு வைக்க வேண்டும், வெளிச்சம் படக் கூடாது. உறைபனி அறையில் வைக்கவே கூடாது. பின்பக்கச் சுவரை ஒட்டி வைத்தாலும் உறைந்துபோகலாம், கதவுத் தட்டில் வெப்பம் ஏறி இறங்கும். நடுத்தட்டில் முன்பக்கம் சரியான இடம். சில நாடுகளில் விற்கும் பெட்டியில் அறை வெப்பத்திலும் குறிப்பிட்ட மாதங்கள் வரை வைக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். கேனிரெலிக்ஸ் பெட்டிகள் சில குளிர்பெட்டியே தேவையில்லாதவை. உங்கள் கையில் உள்ள பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுதான் விதி. தோழியின் பெட்டியில் இருந்தது அல்ல.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் போடாதீர்கள். சுமார் அரை மணி நேரம் வெளியே வைத்து அறை வெப்பத்துக்கு வரட்டும். சில்லென்ற மருந்து உள்ளே போகும்போது எரிச்சல் அதிகம், தூளும் மெதுவாகக் கரையும். வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டாம்.

செட்ரோரெலிக்ஸ் கலப்பது

தூளாக வரும் பெட்டியில் 0.25 மில்லிகிராம் தூள் உள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி, 1 மில்லிலிட்டர் சுத்திகரித்த நீர் நிரப்பிய சிரிஞ்சு, ஸ்பிரிட் பஞ்சு, இரண்டு ஊசிமுனைகள் இருக்கும். மஞ்சள் குறியுள்ள 20 கேஜ் தடித்த முனை கலப்பதற்கு. சாம்பல் குறியுள்ள 27 கேஜ் மெல்லிய முனை தோலில் குத்துவதற்கு. மாற்றிப் போட்டால் ஆபத்தில்லை, ஆனால் வலி மறக்காது. வேறு நிறுவனங்களின் பெட்டியில் நிறமும் அமைப்பும் மாறலாம். சிலவற்றில் நீர் தனி ஆம்பூலில் இருக்கும், சிலவற்றில் மருந்தே கரைசலாக நிரப்பி வரும். திறந்தவுடன் ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்து எண்ணிப் பாருங்கள்.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். சுத்தமான பரப்பில் எல்லாவற்றையும் வைத்து, காலாவதித் தேதியைப் பாருங்கள்.

2. குப்பியின் பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு, ரப்பர் அடைப்பையும் அதைச் சுற்றியுள்ள அலுமினிய வளையத்தையும் பஞ்சால் துடையுங்கள். ஸ்பிரிட் காயட்டும். ஊத வேண்டாம்.

3. மஞ்சள் முனையைச் சிரிஞ்சில் திருகிப் பொருத்தி, ரப்பரின் நடுவில் நேராகக் குத்தி, நீரை மெதுவாக உள்ளே விடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் நுரை கட்டும்.

4. முனையைக் குப்பியிலேயே விட்டுவிட்டு, குப்பியை மெல்லச் சுழற்றுங்கள். குலுக்கக் கூடாது. குலுக்கினால் வரும் குமிழ்கள் அடங்கும் வரை காத்திருக்க வேண்டிவரும், அவற்றோடு மருந்தையும் முழுதாக உறிஞ்ச முடியாது. கரைசல் தெளிந்த நீர் போல, துகள் எதுவும் இல்லாமல் வர வேண்டும். சில நிமிடம் சுழற்றியும் கலங்கலாகவோ துகளோடோ இருந்தால் அந்தக் குப்பி வேண்டாம்.

5. மருந்து முழுவதையும் சிரிஞ்சுக்குள் இழுங்கள். இங்கேதான் அளவு குறைகிறது. குப்பியைத் தலைகீழாகப் பிடித்தால் மருந்து ரப்பர் பக்கம் வந்து நிற்கும். ஆனால் முனை ஆழமாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அது காற்றைத்தான் உறிஞ்சும். முனையை மெல்லக் கீழே இழுத்து, அதன் துளை ரப்பருக்குச் சற்று மேலே மட்டும் இருக்கும்படி வைத்து, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இழுத்தால் கடைசித் துளி வரை வரும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஈரத்துக்காகப் போராட வேண்டாம்.

6. மஞ்சள் முனையைக் கழற்றிவிட்டு, சாம்பல் முனையைப் பொருத்துங்கள். சிரிஞ்சை மேல்நோக்கிப் பிடித்து விரலால் தட்டினால் குமிழ்கள் மேலே வரும். தண்டை மெல்லத் தள்ளிக் காற்றை வெளியேற்றி, முனையில் ஒரு சிறு துளி தெரிந்ததும் நிறுத்துங்கள். பல துளி சிந்தினால் அது மருந்து குறைவதுதான்.

கலந்ததும் உடனே போட வேண்டும். காலையில் கலந்து இரவு போடலாமே என்று வைத்திருக்கும் மருந்து இல்லை இது.

கேனிரெலிக்ஸில் இந்த வேலை எதுவும் இல்லை. 0.5 மில்லிலிட்டர் கரைசல் நிரப்பிய சிரிஞ்சாகவே வரும், மூடியைக் கழற்றிக் குத்த வேண்டியதுதான். உள்ளே ஒரு சின்னக் காற்றுக் குமிழ் தெரிந்தால் அதை வெளியேற்றத் தேவையில்லை; வெளியேற்றப் போய் மருந்தைச் சிந்துவதுதான் நடக்கும். இன்னொன்று: சில தயாரிப்புகளின் ஊசிமூடியில் இயற்கை ரப்பர் இருக்கும். பலூன், ரப்பர் கையுறை பட்டால் உங்களுக்குத் தடிப்பு வரும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குத்துவது

தொப்புளைச் சுற்றிய அடிவயிறு வழக்கமான இடம். தொப்புளிலிருந்து இரண்டு விரல் அகலமாவது தள்ளி இருக்க வேண்டும். கேனிரெலிக்ஸைத் தொடையின் மேல்பகுதியிலும் போடலாம். தழும்பு, மச்சம், நேற்று சிவந்த இடம் ஆகியவற்றைத் தவிருங்கள். ஒரு நாள் வலது, ஒரு நாள் இடது. முட்டை வளர்க்கும் ஊசி ஒரு பக்கம் என்றால் இது மறுபக்கம்.

தோலைத் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட் உள்ளே போய் எரியும். எரிச்சலுக்கு மருந்தைக் குறை சொல்பவர்கள் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை ஒரு மடிப்பாகப் பிடித்து, 45 டிகிரி சாய்வில் முனையை முழுதாக உள்ளே விடுங்கள். தயங்கித் தயங்கி நுழைப்பதுதான் வலிக்கும். தண்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லும் குறிப்பேடுகள் உண்டு. பல மருத்துவமனைகள் தோலடி ஊசிக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டன. கற்றுக்கொடுத்த செவிலியர் சொன்னபடி செய்யுங்கள். அப்படிப் பார்க்கும்போது இரத்தம் தெரிந்தால் குறிப்பேட்டின்படி முனையை வெளியே எடுத்து அழுத்திப் பிடித்து, புதிய பெட்டியோடு வேறு இடத்தில் மறுபடி தொடங்க வேண்டும். அதற்காகவே கையிருப்பில் ஒரு பெட்டி கூடுதலாக இருப்பது நல்லது.

மருந்தை மெதுவாகத் தள்ளுங்கள். முடிந்ததும் பத்து வரை எண்ணிவிட்டு, போன சாய்விலேயே முனையை எடுத்துப் பஞ்சால் அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். ஒரு துளி வெளியே கசிந்தால் கவலை இல்லை. ஓடை போல வழிந்தாலோ, முனை வெளியே இருக்கும்போதே தண்டைத் தள்ளிவிட்டாலோ எவ்வளவு போயிருக்கும் என்று பார்த்து உடனே தொலைபேசியில் கேளுங்கள். நீங்களாக இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டாம்.

முதல் ஊசியும் சிவப்பு வட்டமும்

முதல் ஊசியை மருத்துவமனையிலேயே போட்டு, அரை மணி நேரம் உட்காரவைப்பது செட்ரோரெலிக்ஸுக்கு உரிய எச்சரிக்கை. ஒவ்வாமை அபூர்வம்தான், வந்தால் வேகமாக வரும். வேறு மருந்துக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் முன்பே சொல்லியே ஆக வேண்டும். சிறுநீரகம், கல்லீரல் கோளாறு இருப்பவர்களுக்கும் இந்த மருந்துகளில் கட்டுப்பாடுகள் உண்டு. கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் இவை கூடாது.

போட்ட இடத்தில் சிவந்து, தடித்து, கொசு கடித்த மாதிரி அரிப்பது மிகச் சாதாரணம். சிலருக்கு உள்ளங்கை அகலத்துக்குக் கூடச் சிவக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் மங்கிவிடும். துணியில் சுற்றிய ஐஸை ஐந்து நிமிடம் மேலே வைக்கலாம். ஊசிக்கு முன்பே வைத்தால் வலியும் குறையும். இந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்து 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று அடுத்த நாள் ஊசியை விட்டுவிடுவதுதான் தவறு.

உடம்பெல்லாம் தடிப்பு, முகமோ உதடோ நாக்கோ வீங்குவது, மூச்சு இழுப்பு, தலைசுற்றி விழப்போவது போல ஆவது ஆகியவை வேறு கதை. அதற்கு ஐஸ் அல்ல, அவசரச் சிகிச்சைதான்.

மறந்துவிட்டால், தாமதமானால்

அன்றைய நாளிலேயே நினைவு வந்தால் உடனே போட்டுவிடுங்கள்; போட்ட பிறகு மருத்துவமனையைக் கூப்பிட்டு நேரத்தைச் சொல்லுங்கள். 'நாளைக் காலை வழக்கமான நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளுவதுதான் மிக மோசமான முடிவு, இடைவெளி 48 மணி நேரம் ஆகிவிடும். மறந்ததற்கு ஈடாக இரண்டு ஊசி சேர்த்துப் போடுவதிலும் பயன் இல்லை. எல்.ஹெச். ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தால் அதைப் பின்னோக்கி நிறுத்த முடியாது. ஒரு நாள் முழுக்கத் தவறியிருந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். இரத்தத்தில் எல்.ஹெச்., புரோஜெஸ்ட்ரோன் பார்த்து, ஸ்கேன் செய்து என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர்கள் தவறான நம்பிக்கையில் ட்ரிகர் நேரம் குறிப்பார்கள்.

நேரத்தை மாற்ற வேண்டியிருந்தால் முன்னோக்கி இழுங்கள், பின்னோக்கித் தள்ளாதீர்கள். இரவு 9 மணி ஊசியை ஒரு நாள் மாலை 6க்குப் போடுவது சிக்கலில்லை, ஆனால் அதன்பின் 6 மணியே உங்கள் நேரம். விமானத்தில் வேறு நேர மண்டலத்துக்குப் போகிறவர்கள் சுவர்க் கடிகாரத்தை விட்டுவிட்டு, கடைசி ஊசியிலிருந்து கழிந்த மணி நேரத்தை எண்ண வேண்டும்.

ஒவ்வொரு நாளும் போட்டவுடன் நேரத்தையும் பக்கத்தையும் எழுதுங்கள். இரவு பதினொரு மணிக்கு 'போட்டேனா இல்லையா' என்ற சந்தேகம் வந்தால், காலிக் குப்பிகளை எண்ணிப் பார்ப்பதும் ஒரு வழி. அதனால் சுழற்சி முடியும் வரை காலி அட்டைப் பெட்டிகளைக் கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு, நல்ல பழக்கம்.

ட்ரிகர் வரை, அதன் பிறகு

ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு முறை ஸ்கேன் இருக்கும். இரண்டு மூன்று ஃபாலிக்கிள்கள் 17, 18 மில்லிமீட்டரைத் தொட்டதும் ட்ரிகர் நேரம் சொல்வார்கள். ஸ்டிமுலேஷன் நீண்டால் தடுக்கும் ஊசியும் நீளும். ஐந்து பெட்டி வாங்கியவருக்கு ஏழு தேவைப்படலாம். கையில் இரண்டு பெட்டி மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லுங்கள்.

ட்ரிகர், எல்.ஹெச். போலவே வேலை செய்யும் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனாகவோ, முன்பு சொன்ன ட்ரிப்டோரெலின் போன்றதாகவோ இருக்கலாம். இரண்டாவது வகை இந்தத் தடுக்கும் ஊசி போட்ட சுழற்சியில்தான் வேலை செய்யும். லாங் புரோட்டோகாலில் சோர்ந்துபோன பிட்யூட்டரி அதற்கு அசையாது. சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களுக்கு, இந்த ட்ரிகர் அந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கிறது. அதற்கு ஈடாக, கருவை அந்த மாதமே வைக்காமல் உறையவைத்துப் பின்னர் வைப்பது வழக்கம்.

ட்ரிகருக்குப் பிறகு 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். செவ்வாய் இரவு 10க்கு ட்ரிகர் என்றால் வியாழன் காலை 10 மணி வாக்கில். ட்ரிகரை 10:20க்குப் போட்டிருந்தால் 10:20 என்றே சொல்லுங்கள், 'பத்து மணிக்குப் போட்டேன்' என்று அல்ல. ட்ரிகர் போட்ட பிறகு தடுக்கும் ஊசி கிடையாது.

வயிறு வேகமாக உப்புவது, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறுவது, சிறுநீர் குறைவது, விடாத வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை முட்டை வளர்க்கும் ஊசியின் மிகைத் தூண்டலால் வருபவை. ட்ரிகருக்குப் பிறகும், முட்டை எடுத்து ஒரு வாரம் கழித்தும் கூட வரலாம். 'ஊசியெல்லாம் முடிந்துவிட்டதே' என்று காத்திருக்காமல் அன்றே போய்க் காட்ட வேண்டும்.

பயன்படுத்திய முனைகளை மூடி போட்டுக் குப்பையில் போடாதீர்கள். துளைக்க முடியாத கெட்டியான டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பிரிக்காத பெட்டி மிச்சமிருந்தால் அதே சிகிச்சையில் இருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், அது எத்தனை மணி நேரம் குளிர்பெட்டிக்கு வெளியே இருந்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த சுழற்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று காலாவதித் தேதியோடு மருத்துவரிடமே கேளுங்கள்.